பையில்லாத சட்டை

அன்புள்ள சந்திரகலா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை நம்பிவிட்டு மேலே படி.

போன வாரம் இங்கே தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குச் சாப்பாட்டு வேன் தாமதமாக வந்தது. நான் வழக்கம்போல சுகர் மாத்திரையை முன்னாடியே போட்டுவிட்டேன். கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்தது. பக்கத்து மிஷினில் நிற்கும் இம்மானுவேல் சர்க்கரை கரைத்த தண்ணீரை நீட்டினான். இனிப்பைத் தொடமாட்டேன் என்று உன்னிடம் சொன்னதை நினைத்து, வேண்டாமென்று தள்ளினேன்.

"சுகரு எறங்கிக்கினு கீதுண்ணா. அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன், குடி" என்று அதட்டினான்.

குடித்த கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். சாப்பாடு கண்முன் வந்த பிறகுதான் போட வேண்டுமாம். நேற்று சோதித்தபோது சரியாக இருந்தது.

குளுக்கோஸ் எப்போதும் கையோடு இருக்கட்டும் என்றார். எங்கள் யூனிஃபார்மில் பையே கிடையாது. கேட்டதும், ஒன்று வைத்துத் தைத்துக்கொள்ளச் சூப்பர்வைசர் சம்மதித்தார். அதனால்தான் இந்தப் பார்சலில் சட்டையும் இருக்கிறது. கேட் பக்கத்திலேயே தையல்கடை உண்டு. இருந்தாலும் நீயே தைத்து அனுப்பு.

வேன் வந்துவிட்டது. சாப்பிடப் போகிறேன்.

அரசப்பன்