கெளுத்தியின் வாயில் இருந்தவை

ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து நைனா பொன்னுரங்கம், நாகப்பட்டினத்தில் வாழும் மகள் காந்தாவுக்குச் சொல்லி எழுதுவிக்கும் ஓலை. கங்கையம்மன் காவலில் நானும் உன் அம்மா கோவிந்தம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். உனக்கும் மாப்பிள்ளை மூர்த்திக்கும் சுகம் என்று ஒரு சேதி வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். எழுதுகிறவர் நம் ஊர்க் கணக்கர் தருமலிங்கம். அவர் முன்னால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாவது பிள்ளையும் தங்கவில்லை என்று தெரிந்தது முதல் உன் அம்மா மீனைக் கையால் தொடுவதில்லை. நீ தலைப்பிள்ளை உண்டாகி இங்கே இருந்தபோது நாக்குக்கு ருசியில்லை என்று அழுதாய், வாயில் முட்டை இல்லாத மீன்தானே, தோஷமில்லை என்று அவள் கெளுத்திக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். பெற்ற முட்டையைத் தானே முழுங்கும் மீன் அது, அதைத் தின்றவள் வயிறும் பிள்ளையைத் தின்னும் என்று உன் மாமியார் குப்பம்மாள் சொல்வதாகவும், தை பிறந்ததும் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகவும் உப்புத் தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். சம்பந்தியம்மாளை மட்டும் குறை சொல்லி என்ன, நம் ஊரிலும் அதே பேச்சுதான், நானும் நம்பியவன்தான். வலையில் வரும் கெளுத்தி வாய் நிறைய முட்டையோடு இருந்தால் மண்டையைப் படகு விளிம்பில் அடித்து, எச்சில் துப்பி, தண்ணீரிலேயே வீசிவிடுவோம். அதன் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

உலாந்தாக்காரர் கோட்டைக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கார வைத்தியர் வந்திருக்கிறார். அவருக்கு மீன் பைத்தியம், தின்பதற்கு அல்ல, அறுத்துப் பார்ப்பதற்கு. ஏரி மீன் ஒவ்வொன்றையும் துடுப்பு முள் எண்ணி, படம் போட்டு, சாராயம் ஊற்றிய கண்ணாடிச் சாடியில் அடைத்து அவர் சீமைக்கு அனுப்புகிறார். வாயில் முட்டையோடு கெளுத்தி வேண்டும் என்று அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி வந்து கேட்டார். உன் நினைப்பு வந்துதான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வைத்தியர் என் கண்ணெதிரே அறுத்தார் அம்மா. முட்டை அரைநெல்லி அளவு, எல்லாம் வாயில்தான் இருந்தது, வயிற்றில் ஒன்றுகூட இல்லை. வயிறு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது, ஒரு இறால் தோல் இல்லை. வாயில் முட்டை இல்லாத கெளுத்திகளை அறுத்தால் குடல் புடைக்க நண்டும் இறாலும். வாயில் முட்டை வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார், உள்ளே சினையில்லை, ஆண் மீனுக்கு இருக்கும் வெள்ளைப் பால் பைதான். துபாஷி என்னிடம், இது தாயில்ல பெரியவரே அப்பன், முட்டைய முழுங்கல, காவலு காக்குது, குஞ்சு பொரிஞ்சி தானா நீந்திப் போற வரிக்கும் ஒண்ணும் துன்னாம பட்டினியா கெடக்குதுனு தொரை சொல்றாருனு சொன்னார். ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரண்டு கறுப்புக் கண் தெரிந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியென்றால் என் பெண்ணுக்கு ஏன் தங்கவில்லை என்று துபாஷியைக் கேட்கச் சொன்னேன். மீனில் கண்டதைத்தான் சொல்ல முடியும், உன் மகள் விஷயம் எனக்குத் தெரியவில்லை என்றார் வைத்தியர். இத்தனை நாளில் தெரியவில்லை என்று சொன்ன ஆள் அவர் ஒருவர்தான், மற்ற எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன், அந்தத் தொர இன்னா சாமியானு உன் அம்மா சீறினாள். மறுநாள் வாயில் முட்டையோடு ஒரு கெளுத்தியைக் கொண்டுவந்து அவள் கையிலேயே அரிவாள்மணையைக் கொடுத்தேன். அறுத்தாள், விரலை விட்டுத் துழாவினாள், வயிற்றில் ஒரு முட்டையும் இல்லை, எம் பொண்ண அநியாயமா பழிச்சிட்டாங்களேனு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளையிடம் சொல், உங்கள் முகத்துவாரத்திலும் கெளுத்தி உண்டு, என்னை நம்ப வேண்டாம், அறுத்துப் பார்க்கட்டும், முள் குத்தாமல் பிடிக்கட்டும். உடம்பில் ரத்தம் ஊற வேளைக்குச் சாப்பிடு. பார்த்த பிறகும் மனம் மாறவில்லை என்றால் வாயாடாதே, தை வரை காத்திராதே, வருகிற தோணியில் ஏறி வந்துவிடு. உன் வீட்டுக்கு வர உனக்கு யார் உத்தரவும் வேண்டாம்.

அம்மன் உன்னை வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, இந்த ஓலையை வாசிப்பவர் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, சம்பந்தியம்மாள் காதில் விழும்படி உரக்க வாசிக்க வேண்டும். உன் வயிறு எந்தப் பிள்ளையையும் தின்னவில்லை அம்மா.

இப்படிக்கு, கண்ணால் பார்த்த சாட்சி,
உன் நைனா பொன்னுரங்கம்