உன் பெயரில் வைத்த கன்றுகள்

உன் பச்சை ஸ்வெட்டரை இன்று காலை வெயிலில் உதறினேன். விரலில் சுருக்கென்று குத்தியது. கைமடிப்பில் ஊசிப்புல்லின் விதைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பனியில் நனைந்து காய்ந்த கம்பளியின் வாடையும் போகவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டுக்கொள்.

மன்னவனூர்ப் பக்கத்தில் நம் புல்மேடு. பஸ்ஸை விட்டு இறங்கி, சோலைக்குள் நடந்து, மேட்டின் ஓரத்தில் இருக்கும் தட்டைப் பாறைக்கு வந்தால் நீ உட்கார்ந்துவிடுவாய். காலுறையிலும் பேண்டிலும் ஒட்டிவந்த ரோட்டோரக் களைவிதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தீப்பெட்டிக்குள் போட்டு மூடிய பிறகுதான் புல்லில் கால் வைக்க வேண்டும். வெளிவிதை உள்ளே போகக் கூடாது. அட்டை கடித்து ரத்தம் வழிந்தாலும் உனக்குக் காலுறைதான் முதலில். எனக்குப் பொறுமை ஏது? பாதியில் எழுந்தால் கையைப் பிடித்து இழுப்பாய். "வீட்டுக்குள்ள செருப்போடயா போவ? உக்காரு."

அப்புறம் உன் ஆராய்ச்சிக்கான சதுரக் கம்பிச் சட்டத்தைப் புல்லின்மேல் போட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வாய். அந்தச் சதுரத்துக்குள் என்னென்ன புல், என்னென்ன பூண்டு என்று பார்த்து முடிக்கும்வரை குரலே வராது. நான் நெட்டைக்காலியின் கூடு தேடுவேன். புல்லடியில், தரையிலேயே முட்டையிடும் குருவி அது. மரம் மூடிவிட்ட மேட்டில் அதைப் பார்க்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்த மலையில் புல்லைக் கண்டாலே எல்லோருக்கும் கை அரிக்கிறது. வாட்டில் மரம் வைத்தார்கள், பைன் வைத்தார்கள், யூகலிப்டஸ் வைத்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பியவற்றில் ஒன்று நம் மேடு.

உன் முதல் நினைவு நாளுக்கு முன்பு, பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் உன் அண்ணன் போன் செய்தார். "தங்கச்சி நெனவா ஒரு நல்ல காரியம் வச்சிருக்கோம்மா. ஞாயித்துக்கெழம வெள்ளனே கடைக்கு வந்துருங்க. நீங்க இல்லாமயா?" நாலு பேருக்குச் சோறு போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். ஜீப் மன்னவனூர் ரோட்டில் திரும்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று புரிந்தது.

நம் மேட்டில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மைக் இருந்தது. ஃபிளெக்ஸில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய், உன் தலைக்கு மேலே 'தரிசைக் காடாக்குவோம்' என்று எழுதியிருந்தது. பஜார்க்காரர்கள், லாட்ஜ்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரே கூட்டம். ஒருவர் விடாமல் சேற்றுச் செருப்போடு புல்லில் நின்றார்கள். எங்கே பார்த்தாலும் குழி. நீ மூலைக்கு மூலை நட்டிருந்த அடையாளக் கற்களைப் பிடுங்கி, அடுப்புக் கூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். நர்சரிப் பைகளில் சில்வர் ஓக் கன்றுகள் வரிசையாக இருந்தன. அந்தப் பை மண்ணிலேயே களை முளைத்திருந்தது. நீ தீப்பெட்டியில் அடைத்ததையெல்லாம் வேன் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

அண்ணன் ஒரு கன்றை என் கையில் கொடுத்தார். அவர் கண் சிவந்திருந்தது. "நீங்கதாம்மா மொதக் கன்னு வைக்கணும். மரம்னா எந்தங்கச்சிக்கு உசுரு."

"அண்ணே, இது புல்லுமேடு. அவ வேல பாத்த எடமே இதுதான்," என்றேன்.

"அதனாலதாம்மா இங்க வைக்கிறோம். அம்புட்டு வருசம் அவ சுத்துன எடம், பாருங்க, இப்படி மொட்டையாக் கெடக்கு."

கன்றைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. துக்கமா? அந்த மைக்கைப் பிடுங்கி அத்தனை பேரையும் கிழித்திருப்பேன். உன் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பஸ் ஏறிய பிறகு கோபமெல்லாம் உன் பக்கம் திரும்பியது. உன் அண்ணனுக்கு நீ என்ன வேலை செய்தாய் என்றே தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து நாம் இரண்டு பேரும் அவர் கம்பளிக் கடையில் டீ குடித்தது நினைவிருக்கிறதா? "இன்னிக்கி என்ன மரம் பாத்தீக?" என்று ஆசையாகக் கேட்டார். நீ "எல்லாந்தாண்ணே" என்று சிரித்தாய். வெளியே வந்ததும் நான் சண்டை பிடித்தேன். "கடச் சோலில அலுத்துக் கெடக்காரு. அவருகிட்டப் போயி புல்லப் பத்தி எதுக்கு? விடு" என்றாய். உலகத்தில் இருக்கும் கருத்தரங்குக்கெல்லாம் போய் இங்கிலீஷில் பேசினாய். உன் வீட்டு வாசலுக்குள் ஒரு வார்த்தை கொண்டுபோகவில்லை. உன் சாந்த குணத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரமே கடைக்குப் போனேன். உன் ஸ்வெட்டர் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"அண்ணே, உங்க தங்கச்சி மரத்து ஆளு இல்ல. புல்லு ஆளு."

அவர் முகம் மாறிவிட்டது. "புல்லா? மாடு திங்கிற புல்லயா இத்தன வருசம் பாத்தா? அப்ப நாங்க கூறுகெட்டுப் போயி நட்டோம்ங்கிறீங்க."

"ஆமாண்ணே," என்றேன். உன்னைப் போல எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

கடையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். உன் ஸ்வெட்டரிலிருந்து ஒரு விதையைப் பிடுங்கிக் கண்ணாடி மேஜையில் வைத்து, தம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அதன் நீண்ட வால் முறுக்கவிழ்ந்து சுற்ற ஆரம்பித்தது. மழை பெய்ததும் தன்னைத் தானே மண்ணுக்குள் திருகிக்கொள்ளும் விதை. வந்த கிராக்கியைக்கூடக் கவனிக்காமல் அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குருவியைச் சொன்னேன். குழி தோண்டினால், பக்கத்துத் தோப்பிலிருந்து வந்து மண்ணுக்குள் தூங்கும் வாட்டில் விதை எழுந்துகொள்ளும் என்று சொன்னேன். பாறையில் நீ காலுறையில் விதை பிடுங்கும் கதையையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"எந்தங்கச்சி பேருல வச்ச கன்ன நானே புடுங்கணும். அப்படித்தானம்மா?"

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து என்னோடு வந்தார். பாறையில் உட்காரச் சொன்னேன். முட்டி வலியோடு உட்கார்ந்து, வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த விதைகளை நானே சலிக்கும் அளவுக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்புறம் எழுந்துபோய்க் கன்றுகளைப் பிடுங்கினார். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது வலித்திருக்கும். கடைசிக் குழியை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஏம்மா சொல்லல அவ? நான் கேக்க மாட்டேன்னா சொன்னேன்?" என்றார். அதற்கு நீதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பாவி, என்னை நிற்க வைத்துவிட்டாய்.

குழியெல்லாம் இப்போது வாட்டில் முளைக்கிறது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் பிடுங்குகிறேன். "மேட்டுக்குப் போறவுக நீங்கதான்" என்று ஸ்வெட்டரை அண்ணன் என்னிடமே கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, பசித்தாலும் முதலில் காலுறையில் ஒட்டிய விதைகளைப் பிடுங்குகிறேன். இப்போது யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஆனாலும் பாதியில் எழுவதில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணன் இப்போதெல்லாம், "எந்தங்கச்சி புல்லு ஆராய்ச்சி பண்ணுன பிள்ள" என்கிறார். சில பேர், "புல்லா?" என்று சிரிக்கிறார்கள். அப்போது அவருக்கு வருகிற கோபத்தை நீ பார்க்க வேண்டும். என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை.