மைனியின் ‘எனக்க’

அன்பில் ஒருநாளும் குறை வைக்காமல், பாராட்டில் மட்டும் கடைசிவரை கஞ்சத்தனம் பார்த்த என் மைனிக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. இது டிசம்பர். போன சனிக்கிழமை அண்ணன் என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, உங்கள் ஃபிரிட்ஜின் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் உரித்துக் கையில் கொடுத்தார். ஃபிரிட்ஜ் வேறு யாருக்கோ போகிறது. வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் ஜனவரியில் மகனிடம் அயர்லாந்துக்குப் போகிறார். “இது உனக்க சாமானம்லா, நீயே வச்சுக்கோ” என்றார். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். என் மைனி பதினெட்டு வருடம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே நோயாளி நான்தான். மார்த்தாண்டத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. சொந்தமாக எழுதி, சொந்தமாகப் பக்கம் அமைத்து, சொந்தமாக அச்சுக்குக் கொடுத்து, வந்த பிரதிகளைச் சொந்தக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொள்வது என் வியாதி.

அந்த வியாதிக்குத்தான் நீங்கள் சார்ட் போட்டீர்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடப்பவருக்கு எழுதுவீர்களே, எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று, அதே இன்டேக், அவுட்புட் கட்டங்கள். நான் வாசித்தது ஒரு பக்கம், எழுதியது இன்னொரு பக்கம். “ரெண்டையும் பாத்தாத்தான் ஆளு தேறுமா தேறாதான்னு தெரியும் மக்கா” என்பீர்கள். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் சர்ச் விட்டு வந்ததும் உங்கள் வீட்டில்தான் ஆப்பமும் கறியும். தட்டில் கை வைக்க விடமாட்டீர்கள். “சாப்பாடு பொறவு. போன வருசத்துச் சார்ட்ட மொதல்ல வாசி, நாங்க கேக்கட்டும்.” அண்ணனும் உங்கள் மகனும் பசியோடு என்னைப் பார்ப்பார்கள். நான் வாசிப்பேன். எழுதியதில் பாதிதான் நடந்திருக்கும். அடுத்த வருடத்துக்கான தாளை அங்கேயே உங்கள் கையால் எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஆப்பத்தைக் கண்ணில் காட்டுவீர்கள்.

இந்த ஜனவரியில் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் இப்போதே வாசித்துவிடுகிறேன்.

மாதம் ஒரு சிறுகதை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு எழுதினேன். இரண்டிலும் தொடக்கம் இருக்கிறது, முடிவு இல்லை. வாரம் ஒரு கட்டுரை இணையத்தில் போடவேண்டும் என்பது அடுத்தது. மார்ச்சோடு நின்றுவிட்டது. இன்டேக் பக்கத்தில் மாதம் இரண்டு புத்தகம் என்று இருக்கிறது. பத்து மாதமாக நான் முழுதாக வாசித்தது லைசென்ஸ் தேர்வுக்கான கேள்வி பதில் மட்டும்தான், அதுவும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. என் புத்தகங்களின் இணைய விற்பனைப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் திறக்கக் கூடாது என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் திறந்தேன். இந்த வருடம் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பிப்ரவரிக் கட்டத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ‘மூணு பக்கம். வளவளா.’ அதற்குப் பிறகு மார்ச் முதல் எல்லாக் கட்டமும் காலி. ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு தாள் உங்கள் கைக்கு வந்தால் என்ன நினைப்பீர்கள் மைனி? டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்றா, இல்லை மற்றதா?

முதல் வரியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. ‘கிறிஸ்துமசுக்கு முன்ன நம்ம புஸ்தகம்.’

நம்ம புத்தகம். மூன்று வருடமாக நீங்கள் சமையல் முடித்த கையோடு அனுப்பிய வாய்ஸ் நோட்டுகள். மஸ்கட்டில் ஏர்போர்ட்டில் இறங்கிய நாள், வார்டில் இறந்துபோன பெயர் தெரியாத தொழிலாளிகள், போனில் உங்களை அம்மா என்று கூப்பிட வெட்கப்பட்ட மகன். நான் வண்டியில் உட்கார்ந்து கேட்டு, வீட்டில் தட்டச்சு செய்தேன். நீங்கள் பேசினது பேசினபடியே. அதுதான் நமக்குள் இருந்த ஒப்பந்தம். “எனக்க வாயில வேற ஆருக்க பேச்சையும் வைக்கப்பிடாது கேட்டியா” என்று முதல் நோட்டிலேயே சொன்னீர்கள். ஜனவரியில் கடைசி அத்தியாயத்தையும் முடித்துவிட்டோம். பிப்ரவரியில் உங்கள் நாடியை நீங்களே பிடித்துப் பார்த்து, அண்ணனிடம் “வண்டிய எடுங்க, நேரமில்ல” என்றீர்களாம். அதையும் சரியாகத்தான் கணித்திருந்தீர்கள்.

புத்தகம் தயாராக இருந்தது மைனி. அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் ஜூலையில் வந்திருக்கும். நான் அப்படியே கொடுக்கவில்லை. என் போன நாவலுக்கு யாரோ ஒருவர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். எனக்க, உனக்க, அவளுக்க என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை, ஆசிரியர் முதலில் தமிழ் படிக்கட்டும் என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க வண்டியில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது வெட்கம்.

வீட்டுக்கு வந்து உங்கள் புத்தகத்தைத் திறந்தேன். பிழை திருத்தும் மென்பொருளை ஓடவிட்டேன். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. அந்த ஆள் சொன்ன மூன்று சொல்லையும் கொடுத்து, ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானை அழுத்தினேன். எனக்க எல்லாம் எனக்கு ஆனது. உனக்க எல்லாம் உனக்கு. அவளுக்க எல்லாம் அவளுக்கு. சிவப்பு பாதி குறைந்தது. உண்மையைச் சொன்னால், மனசுக்குச் சுத்தமாக இருந்தது. பழைய பிரதி குழப்பம் தரும் என்று அதையும் அழித்துவிட்டு, இதை அச்சுக்கு அனுப்பினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பேச்சில் ‘எனக்க’ என்றால் ‘என்னுடைய’. ‘எனக்கு’ என்றால் எல்லோருக்கும் போல எனக்குத்தான். ஒரு உகரத்தில் சொந்தம் போய்விடும்.

அக்டோபரில் அச்சகத்திலிருந்து மாதிரிப் பிரதி வந்தது. வண்டியில் வைத்துத்தான் பிரித்தேன். ‘எனக்கு பிள்ளைய நான் போட்டோவுலதான் வளத்தேன்’ என்று ஒரு வரி. எனக்குப் பிள்ளைய? இது யார் பேசுவது என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. அடுத்த பக்கம், ‘அவளுக்கு கைய நான் விடல.’ அதற்கடுத்த பக்கமும் அப்படியே. புத்தகத்தை மூடி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த, என்னிடம் வண்டி படிக்க வரும் பள்ளிக்கூட டீச்சரம்மா, “சார், நான் எதாவது தப்பா ஓட்டிட்டேனா?” என்று கேட்டார். இல்லை, நான்தான் என்றேன்.

மஸ்கட்டில் தமிழ்நாட்டு நர்ஸுகள் உங்களை மலையாளி என்றார்கள். மலையாளி நர்ஸுகள் தமிழச்சி என்றார்கள். ரெண்டு கூட்டத்தின் சாப்பாட்டு மேசையிலும் உங்கள் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். “மாத்திக்கிட்டா என்னன்னு ஒருத்தி கேட்டா மக்கா. நான் பேசுகது எனக்க பேச்சு. ஊசி ஒழுங்கா போட்டாப் போராதான்னு கேட்டேன்.” பதினெட்டு வருடம் அத்தனை பேர் சிரித்தும் நீங்கள் விடாமல் வைத்திருந்ததை, முகம் தெரியாத ஒருவரின் ஒற்றை நட்சத்திரத்துக்காக நான் விட்டுக்கொடுத்தேன். உங்கள் வாயில் வேறு பேச்சை வைத்தவன் நான்தான். இதற்கு என்ன மன்னிப்பு இருக்கிறது? இருந்தாலும் கொடுக்க நீங்கள் எங்கே?

திருத்திவிடலாமே என்று அண்ணன் கேட்டார். பாதியைத் திருத்தலாம், படித்தாலே தெரிகிறது. மற்றதுதான் உயிரை எடுக்கிறது. நீங்கள் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு அழுத கதையில் ஒரு வரி வருகிறது. ‘அண்ணைக்கு எனக்கு வீடு வேணும்னு ஒரே கரச்சல்.’ நீங்கள் சொன்னது எது? ஒரு வீடு வேண்டும் என்று அழுதீர்களா, உங்கள் வீடு வேண்டும் என்று அழுதீர்களா? அந்த அழுகை ஊரில் வீடு கட்டும் முன்பா, கட்டிய பிறகா என்று நீங்கள் சொல்லவில்லை. தட்டச்சு செய்த எனக்கும் ஓர்மை இல்லை. அண்ணனுக்கு, நீங்கள் அழுததே தெரியாது.

வழி ஒன்று இருக்கிறது, அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. உங்கள் நோட்டுகள் எல்லாம் என் போனில் அப்படியே உள்ளன. முதலிலிருந்து கேட்டால் ஒவ்வொரு சொல்லையும் பழைய இடத்தில் வைக்கலாம். ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை மைனி. பெயரைப் பார்த்ததும் விரல் நின்றுவிடும். வேலை இருக்கிறது என்பேன், காது வலி என்பேன், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்பேன். எழுதுவதை அடியோடு விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. இன்றும் அந்த எண்ணம் போய்விடவில்லை. நான் எழுதினேனா எழுதவில்லையா என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள்தான் இருந்தது.

உங்கள் சார்ட்டை வாங்கி வந்து மூன்றாவது நாள், எட்டு போட்டுப் பழகும் மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீச்சரம்மாவுக்காகக் காத்திருந்தேன். உச்சி வெயில். அவர் வர அரைமணி ஆகும் என்று செய்தி அனுப்பியிருந்தார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பஸ் ஸ்டாப் கதை இருந்த நோட்டைத் தேடி அழுத்தினேன்.

நீங்கள் தொண்டையைச் செருமும் சத்தத்திலேயே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை. அந்த வரி வந்தது. “அண்ணைக்கு எனக்க வீடு வேணும்னு ஒரே கரச்சல் மக்கா.” தெளிவாகச் சொல்கிறீர்கள். எனக்க வீடு. அடுத்த மாதம் பூட்டப்போகிற அதே வீடு.

கதை அங்கே முடிகிறது. தட்டச்சு செய்த நாளில் நானும் அங்கேதான் நிறுத்தியிருப்பேன், எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டதே. இந்தத் தடவை நிறுத்தக் கை வரவில்லை. நீங்கள் போனை அணைக்க மறந்திருக்கிறீர்கள். பாத்திரம் உருளும் சத்தம். பிறகு வாசலில் மீன்காரி. “சாளை நிக்குது, எடுக்குதியளா? ஆருக்க கிட்ட இந்நேரம்வரை தனியா பேசிட்டு நிக்கிய?”

நீங்கள் சொல்கிறீர்கள், “செத்த நில்லு வாறேன். எனக்க கொழுந்தன் கிட்ட.”

அண்ணனின் தம்பி என்று சொல்லவில்லை. கதை எழுதுகிற ஒருத்தன் என்று சொல்லவில்லை. மீன்காரியிடம், யோசிக்காமல், எனக்க. அந்தச் சொல்லைத்தான் பிழை என்று அழித்திருக்கிறேன் மைனி.

இதனால் மனம் ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அன்று பாடம் நடத்தாமல் டீச்சரம்மாவைத் திருப்பி அனுப்பினேன். புத்தகம் கிறிஸ்துமசுக்கு வராது. அடுத்த வருடம் வருமா என்று தெரியாது. வந்தாலும் நீங்கள் வாசித்து ‘வளவளா’ என்று எழுதப்போவதில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். எல்லா நோட்டையும் கேட்பேன். கதை முடிந்ததும் நிறுத்தாமல், நீங்கள் மீன் வாங்கி முடிக்கும் வரை கேட்பேன். அழுதுகொண்டு என்றாலும் ஒவ்வொரு சொல்லாகக் கையால் மாற்றுவேன், பொத்தானைத் தொடமாட்டேன். எத்தனை பேர் பிழை என்றாலும் அது அப்படியே நிற்கும்.

உங்களுக்க கொழுந்தன்,
ஜெபராஜ்