நெற்றி அளவுக் கம்பு

22 ஜூலை 1983, வெள்ளி

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து செல்வி வந்தாள். சிலம்பத்தில் அவள்தான் என் ஜோடி. என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் என்னைப் பார்க்க வருகிறாள்.

"இன்னாடி, கால் மடங்குதா?"

"கொஞ்சம்."

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சிலம்பம் சுற்றப் போகிறார்களாம். என் இடத்தில் வேறொரு பெண். அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தன் கம்பு கீறல் விட்டதால் மூலையில் சாத்தியிருந்த என் கம்பைக் கேட்டாள். தலையாட்டினேன்.

கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும். செல்வி என்னைவிடக் குட்டை. நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "உசரமா கீது. கொஞ்சம் அறுத்துக்கட்டுமா?" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து, "அறுத்துக்கோம்மா. பி.ஏ. படிச்சவளுக்கு இனிமே கம்பு இன்னாத்துக்கு?" என்றாள்.

எனக்கு வாய் திறக்க எப்போதும் நேரமாகும். செல்வி அளவு பார்த்து நகத்தால் கோடு கிழித்துவிட்டாள்.

"அறுக்காதே. நான் வருவேன்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அத்த மொதல்லயே சொன்னா இன்னாடி? அந்தப் பொண்ணுகூட சுத்தறது எனக்கு மட்டும் ஆசையா?" என்று கம்பைத் திரும்பச் சாத்திவிட்டுப் போனாள்.

டாக்டர் நடக்கலாம் என்று மட்டுந்தான் சொன்னார். சிலம்பம் சுற்றலாமா என்று நான் கேட்கவே இல்லை. கூடாது என்றுவிடுவாரோ என்ற பயத்தை, கூச்சம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

போர்வைக்குள் நல்ல கால் தானாகச் சிலம்பக் காலடி வைத்துப் பார்க்கிறது. மற்றது சும்மா கிடக்கிறது.