என்னை லொறி என்று கூப்பிடாத மூன்று நாட்கள்

"நான் செத்தாலும்" என்று தொடங்காமல் ஒரு வசனம் பேசத் தெரியாத என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். வெள்ளவத்தை வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. லிஃப்ட் இன்னமும் மூன்றாம் மாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மேலே வருகிறது. எதிர்வீட்டுக்காரர் இன்னமும் தன் காரை எங்கள் இடத்தில்தான் விடுகிறார். அவரோடு சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை.

உங்களுக்கு நான் ஒரு பயணத்தைப் பாதிவரைதான் சொல்லியிருந்தேன். மிச்சத்தைக் கேட்காமலே போய்விட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதோடு, எட்டு மாதமாக யாரிடமும் வாய் திறக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பா நில அளவையாளராக இருந்தவர். அம்மா போனபின் பதினொரு வருடமாக அந்த வீட்டில் அவரும் நானும்தான். நாற்பது வயது தாண்டிய பிறகு எனக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக ஓடும் எட்டுப் பேர் நாங்கள். கொட்டாஞ்சேனை பிலோமினா எங்கள் தலைவி. இந்தியாவின் வடக்கே மணாலியிலிருந்து லே வரை மலைகளையும், மலைகளுக்கு மேலே இருக்கும் குளிர்ப் பாலைவனத்தையும் பத்து நாளில் சைக்கிளில் கடக்க இரண்டு வருடம் திட்டம் போட்டோம். அப்பாவைத் தனியே விட முடியாது என்பதால் என் ஒரே தம்பி மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு கனடாவிலிருந்து வந்தான்.

வெளிக்கிட்ட அன்று நீங்கள் வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்?

"நான் செத்தாலும் பாதியில திரும்பி வராதை, பிள்ளை. முடிச்சிட்டு வா."

நான் சிரித்தேன். "நான் செத்தாலும் அந்தப் பேக்கரியில பாண் வாங்காதை" என்று காலையில்தான் சொல்லியிருந்தீர்கள். ஆனால் தம்பி பக்கத்தில் நின்றான். இருபது வருடமாக உங்களோடு வாழாத பிள்ளை அவன்.

மலையில் முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கும் சத்தம் அப்படி. மாளிகாவத்தை நியாஸ்தான் தொடங்கிவைத்தவன். "லொறி வருது, ஒதுங்குங்க!" என்பான். குழுவில் இருந்த சிங்களத் தம்பதி "லொறிய எனவா!" என்று அதையே சிங்களத்தில் சொல்லி ஒத்து ஊதுவார்கள். எட்டுப் பேரில் எப்போதும் கடைசி நான்தான். முகாமுக்குள் நான் நுழையும்போது ஏழு பேரும் எழுந்து நின்று ஹோர்ன் அடிப்பதுபோல் கத்துவார்கள். இதையெல்லாம் பின்னேரங்களில் உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் சார்ச்சு. கைப்பேசி செத்துப்போகும் இடம். கூடாரக் கடை ஒன்றில் பணம் கொடுத்துப் பேசும் தொலைபேசி ஒன்று இருந்தது.

"இண்டைக்கு எத்தினை அடியில நிக்கிறாய்?"

"பதினாலாயிரம், அப்பா."

"நாளைக்கு அந்த இருவத்தொரு வளைவு. எண்ணிக்கொண்டு ஏறு. நாளைக்கு நீ படுக்கிற இடத்தில போன் இராது. இரவில வாகனமும் ஓடாது. மற்ற நாள் பாங் முகாமில இருந்து போன் எடு. சரி, வை."

வை. நீங்கள் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான், அப்பா. ஒரு நல்ல சொல்லாகப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?

நான் வளைவுகளை எண்ணினேன். பதினேழாவதில் சைக்கிளைக் கிடத்திவிட்டு, களைப்பில் ரோட்டோரம் குந்தியிருந்து அழுதேன். பிலோமினா வந்து பேரீச்சம்பழம் தந்தாள். அதே நேரத்தில்தான் நீங்கள் சாப்பாட்டு மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறீர்கள். தம்பி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறான். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை. நான் கூடாரத்துக்குள் இரண்டு தொப்பி போட்டுக்கொண்டு நித்திரையாக இருந்தேன்.

அன்று பின்னேரம் பாங் வந்து சேர்ந்தோம். முதலில் பிலோமினா எங்கள் பயணக் கம்பனிக்குப் பேசினாள். வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள். பிறகு நான் வீட்டுக்கு எடுத்தேன்.

"அப்பா நித்திரை, அக்கா. எழுப்பேல்லை" என்றான் தம்பி.

"இந்த நேரத்திலயோ?"

"இரவு சரியா நித்திரை கொள்ளேல்லை."

குரல் அடைத்திருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

அடுத்த நாள்தான் நீங்கள் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்ட அந்தச் சமவெளி. மலைகளுக்கு மேலே இப்படி ஒரு பாலைவனம் இருக்கும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. மணலை அள்ளி முகத்தில் அடிக்கும் காற்று மட்டும். அந்த வெட்டவெளியில் நியாஸ் நாள் முழுவதும் எனக்கு முன்னால் ஓடிக் காற்றைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டான். பிலோமினா என் கூடாரத்தை அடித்துக் கொடுத்தாள். கடைசி ரொட்டி என் தட்டுக்கு வந்தது. அன்று ஒருவரும் என்னை லொறி என்று கூப்பிடவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நன்றாக ஓடுகிறேன் என்று நினைத்தேன். நாற்பத்தேழு வயதில் ஒருவழியாக மூச்சு வசப்பட்டுவிட்டது, இனி இவர்கள் என்னைப் பகிடி பண்ண முடியாது என்று நினைத்தேன். உங்களிடம் அளப்பதற்கு வசனம்கூடத் தயார் செய்து வைத்தேன். இதை எழுதும்போது வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

ஒன்பதாம் நாள் தங்லங் லா. பதினேழாயிரம் அடிக்கு மேலே இருக்கும் கணவாய். உச்சிக்கு அரைக் கிலோமீற்றர் இருக்கும்போது ஏழு பேரும் நின்றுவிட்டார்கள். "நீ முதல்ல போ" என்றாள் பிலோமினா. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முதலாவதாக ஏறினேன். உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னைப் படம் எடுத்தவளுக்குக் கண்ணீர் ஓடியது. "என்னடி?" என்று கேட்டேன். "காத்து" என்றாள்.

அந்தப் படத்தில் நேரம் இருக்கிறது, அப்பா. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு மறுபக்கம் இறக்கம் தொடங்கியது. மிதிக்கவே தேவையில்லை. சிவப்பும் ஊதாவுமாக மலைகள் இரண்டு பக்கமும் ஓடின. நான் கத்தினேன், பாடினேன். ஒரு நேரான இடத்தில் இரண்டு கையையும் விட்டேன். அம்மா போன பிறகு, இல்லை, அதற்கு முன்னும்கூட, நான் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

நான்கு மணிக்கு, உங்கள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து உங்களைக் கனத்தை மயானத்துக்கு எடுத்தார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது கட்டுநாயக்காவில். லேயிலிருந்து எடுத்தபோதும் "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, கதைக்க வேண்டாமாம்" என்றுதான் தம்பி சொன்னான். வீட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு என்று நான் பகிடி விட்டேன். விமான நிலையத்தில் வெளியே வந்தபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயதிலிருந்து வைத்திருந்த மீசை முகத்தில் இல்லை. தலையிலும் மயிர் இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி என் ஆட்களைப் பார்த்தேன். ஏழு பேரும் பெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

அப்போதுதான் அந்த மூன்று நாளும் எனக்கு விளங்கியது.

நான் எவ்வளவு கேவலமாகக் கத்தினேன் என்று நீங்கள் பார்க்கவில்லை. "அப்பாதானே சொன்னவர், செத்தாலும் திரும்பி வராதை எண்டு" என்றான் தம்பி. அது பகிடியடா, பாண் வாங்குவதற்கும் அவர் அப்படித்தான் சொல்லுவார் என்றேன். சித்தப்பா இடையில் புகுந்து, "பொம்பிளைப் பிள்ளையள் சுடலைக்கு வாறேல்லைத்தானே, வந்து என்ன செய்யப்போறாய்?" என்றார். அவரை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாங்கிலேயே சொல்லியிருந்தால் வாகனம் பிடித்து லேக்குப் போய், அங்கிருந்து டில்லி, டில்லியிலிருந்து கொழும்பு வந்திருப்பேன். உங்களை இன்னும் ஒரேயொரு நாள் வைத்திருந்தால் போதும். பதினொரு வருடம் உங்களுக்கு இன்சுலின் போட்டுவிட்ட கை இது. ஒரு பூ வைக்கக்கூட விடவில்லை.

பிலோமினா பேக்கரியில் வாங்கிய ஒரு பெட்டி பணிஸோடு வந்தாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. வாசலில் நின்றே பேசினாள்.

"உன் தம்பி கம்பனிக்காரங்ககிட்ட அழுது சொல்லி அனுப்பியிருக்கான், சொல்லாதீங்கன்னு. நான் என்ன செய்ய? அந்த மலையில சைக்கிள்ல இருந்து நீ விழுந்துட்டா? மூணு நாள் உன் மூஞ்சிய பாத்துச் சிரிச்சிட்டு இருந்தோமே, அது லேசுன்னு நினைக்கிறியா, ரஞ்சி?"

"லொறி எண்டு ஒருக்கா கூப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

"வாய் வரல்ல" என்றாள்.

கதவைச் சாத்தினேன். தம்பி லீவை நீட்டி, முப்பத்தோராம் நாள் காரியம் செய்துவிட்டுக் கனடா போனான். ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறான். நான் பதில் சொல்வதில்லை.

ஆனால் அப்பா, எட்டு மாதமாக என்னை அரிப்பது அவர்கள் இல்லை. அதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் உங்கள் முகம் வருவதில்லை, அந்த இறக்கம்தான் வருகிறது. அது வந்தவுடனே உடம்பு முழுவதும் அந்தச் சந்தோஷமும் சேர்ந்து வருகிறது. நீங்கள் எரிந்துகொண்டிருந்த நேரம் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நேரம். அதை நான் என்ன செய்வது? எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இன்று காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தம்பியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. விரல் பட்டு அது தானாக ஓடத் தொடங்கியது. கை முழுக்கக் கீரை, நிறுத்தவும் முடியவில்லை.

"அக்கா, வைக்காதேங்கோ, முழுக்கக் கேளுங்கோ. அப்பா சொன்னவர் எண்டு நான் சொன்னது பொய்ச் சாட்டு. அண்டைக்கு ஆஸ்பத்திரியில அப்பா உங்களைக் கேட்டவர். பிள்ளை எங்கை எண்டு. நான் உங்களுக்குப் போன் எடுத்தனான், லைன் போகேல்லை. எத்தினை தரம் எடுத்தனான் எண்டு தெரியாது, அக்கா. அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் என்ன செய்ய? அக்கா பிளேன் ஏறிட்டா, வந்துகொண்டிருக்கிறா எண்டு சொல்லிப்போட்டன். சரி எண்டார். பிறகு, 'களைச்சுப்போய் வருவாள், வந்த உடன சாப்பாடு குடு' எண்டார். அதுக்குப் பிறகு அவர் கதைக்கேல்லை. அப்பா உங்களைக் கேட்டவர் எண்டு நான் எப்பிடி உங்களிட்டைச் சொல்லுறது? அதைச் சொல்லாமல் செத்ததை மட்டும் எப்பிடிச் சொல்லுறது?"

பிறகு அவன் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

கீரையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் வரவில்லை. இதைக் கேட்டபின் இன்னும் எவ்வளவு நாள் என்னால் இந்த வீட்டில் இருக்க முடியும் என்று தெரியவில்லை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறொன்று உறைத்தது. நான் அன்றிரவு படுத்த இடத்தில் தொலைபேசி இல்லை என்று எனக்கே சொன்னவர் நீங்கள். எந்த வளைவில் நிற்கிறேன், விமானம் ஏறும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அடி அடியாக அளந்து வைத்திருந்தவர் நீங்கள். ஒரு பொழுதில் நான் பிளேன் ஏற முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா? தம்பி பொய் சொல்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் "சரி" என்றிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை தவிப்பதைப் பார்க்க முடியாமல்தானே? நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்று அவன் நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே அந்தச் சாப்பாட்டுக் கதையும்?

அல்லது உண்மையிலேயே நம்பினீர்களா, அப்பா? கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்களா?

எனக்கு இது ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் பொய்க்கு நீங்கள் கடைசி மூச்சில் "சரி" சொல்லியிருக்கிறீர்கள். நான் எட்டு மாதமாகச் சொல்லவில்லை. சைக்கிளைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன், அது பெட்டிக்குள் கிடக்கிறது. அந்த இறக்கத்தில் நான் சிரித்ததை உங்களிடம் சொல்லிவிட்டேன், அது இனி உங்கள் பொறுப்பு.

நாளை ஞாயிறு. தம்பி எடுப்பான். இந்த முறை பதில் சொல்வேன், சத்தியம். சண்டை பிடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, என்னை உங்களுக்குத் தெரியும். ஆனால் முதலில், "சாப்பிட்டியோடா?" என்று கேட்பேன்.

இன்னமும் வந்துகொண்டிருக்கிற
உங்கள் மூத்த பிள்ளை,
ரஞ்சி