தண்ணீர் குடித்த ஜீப்

கம்பம் டவுனில் ஒர்க்‌ஷாப் வரிசை வழியாக வந்துகொண்டிருந்தேன். பெட்ரோலில் கழுவிய ஏர் பில்டரின் வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். ஒருவர் தன் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சிவப்பாகக் கூம்பு மாதிரி இருக்குமே, அந்தப் பில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்ஜினுக்குக் காற்று இழுக்கிற வளைந்த குழாய். நம் ஜீப்பில் நீங்கள் மாட்டியது போலவே, பம்பருக்குப் பின்னால் தரையைப் பார்த்து இறங்குகிற குழாய்.

“தம்பி, மழைக்கு முன்னாடி இதைக் கழட்டிருப்பா” என்றேன்.

“கம்பத்துல எங்கனம்மா மழை? சாரல் விழுந்தாலே சனம் வெளிய வந்து வேடிக்கை பாக்குது” என்று சிரித்தார்.

நீங்கள் சொன்னதும் இதேதான்.  வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எதையும் உங்களிடம்தானே கேட்டேன், இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்? அஞ்சாம் வகுப்பு எழுத்து இது. தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழாய் வருவதற்கு முன்னால் நம் ஜீப் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஏலக்காய் எடுக்கப் போகிற எங்கள் பெண்கள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, கேரளாவுக்கு ஏறும் கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறும்போது பாதியில் இழுவை விட்டுவிடும். ரேடியேட்டர் கொதிக்கும். கூட வரும் பேச்சியம்மாள் குதித்து இறங்கி டயருக்குக் கல் வைப்பாள். மற்ற ஜீப்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். உங்கள் முகம் சுண்டிப்போகும்.

கோட்டயத்துக்கார டிரைவர் ஒருவர் சொன்னார் என்று அந்தக் குழாயை வாங்கி வந்தீர்கள். இன்ஜின் சூட்டுக் காற்றைக் குடிக்கிறதாம், அதனால்தான் மூச்சு வாங்குகிறதாம். “பச்சைக் காத்தைக் குடிக்க விட்டுப் பாரு புள்ள, காளை கணக்கா ஏறும்” என்றீர்கள். பழைய பில்டர் பெட்டி பானட்டுக்குள் உயரத்தில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த காற்று அடிக்கிற இடம் என்று கீழே பம்பருக்குப் பின்னால் புது பில்டரைக் கொண்டுபோய் வைத்தீர்கள். உண்மையிலேயே ஏறியது. உறுமிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவிலும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்தபோது குழந்தை மாதிரி இருந்தது உங்கள் முகம்.

பேச்சிதான் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏண்ணே, மூக்கைக் கொண்டுபோயி முழங்காலுக்குக் கீழ வச்சா வண்டிக்குச் சளி புடிக்காதா?”

“புடிச்சா நீ கசாயம் வச்சுக் குடு ஆத்தா.”

வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குழாய் தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜின் போய்விடும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. முதல் வருசம் வைகாசி கடைசியில் குழாயைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியை மாட்டினீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் வண்டிகள் எல்லாம் அப்படித்தான் செய்யுமாம். அடுத்த வருசம்தான் தள்ளிப்போட்டீர்கள். காலையில் எழுந்து வாசலில் நின்று மேற்கே பார்ப்பீர்கள். மலை உச்சியில் மேகம் கறுத்து நிற்கும். இங்கே வெயில் அடிக்கும், ஆடிக் காற்று புழுதியை வாரிப் போடும். “மழை பூரா அந்தப் பக்கம்தான் கெடக்கு. நம்ம ஊரு வானத்தைப் பாரு, துடைச்சு வச்ச மாதிரி” என்பீர்கள். பில்டருக்கு மேலே ஒரு பாலித்தீன் தாளைக் கட்டிக்கொண்டு கிளம்புவீர்கள்.

வண்டி ராத்திரிக்குத்தான் நம் ஊரில் நின்றது. பகல் முழுக்க அந்தப் பக்கத்து மழையில்தானே ஓடியது? வானத்தை மட்டும் இங்கிருந்து பார்த்தீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள புத்தி அது. நானும்தான் அண்ணாந்து பார்த்துவிட்டுத் துணி காயப்போட்டேன்.

அன்றைக்கு மதியம் எஸ்டேட்டில் சோற்றை இரண்டு வாய் வைத்ததுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் குளிரில் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. கீழே கம்பத்துக்குக் கொண்டுபோனால் போதும், பிழைத்துக்கொள்வீர்கள் என்றுதான் எல்லோரும் ஓடினோம். அங்கே நின்றது நம் ஜீப் ஒன்றுதான். முருகேசன் சாவியை வாங்கினான். உங்களோடு தினமும் டீ குடிக்கிறவன், தங்கமான டிரைவர். பின்னால் என் மடியில் உங்களைச் சாய்த்துக்கொண்டேன். பேச்சி காலைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்டேட் பாதையில் அந்த ஓடை. காலையில் பாதம் நனைகிற அளவுக்குத்தான் இருந்தது. இப்போது செம்மண் கலரில் பொங்கி ஓடியது. முருகேசன் நிற்கவில்லை. “அண்ணனைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க, ஒரே போடுல தாண்டிருவோம்” என்று கத்திக்கொண்டு இறக்கினான். எந்த ஜீப்பாக இருந்தாலும் அப்படித்தானே ஓட்டுவான்? நம் வண்டி கீழே இருந்து மூச்சு விடுகிறது என்று அந்த நேரத்தில் யாருக்கு நினைப்பு வரும்?

நடு ஓடையில் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது.

அவன் திரும்பத் திரும்ப சாவியைத் திருகினான். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

“ஏலே முருகேசா, செல்ப் அடிக்காத. அது தண்ணி குடிச்சிருச்சு.”

பிறகு என்னைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

பின்னாலேயே ஓடி வந்த பெண்கள் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். முருகேசன் அழுதுகொண்டே மேட்டில் ஓடினான். எங்கிருந்தோ ஒரு லாரி வந்தது. கம்பத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உங்கள் கை சில்லென்று இருந்தது. “கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருக்கலாமேம்மா” என்றார் டாக்டர். அவர் நல்ல மனுசர்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை ஏன் சொன்னார்? சோற்றைப் பிசைந்தாலும் அதுதான், தூங்கப் போனாலும் அதுதான்.

பிறகு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே இருந்து தண்ணீர் ஊற்றியது. “தண்ணி போயி இன்ஜின் ராடு வளைஞ்சுபோச்சுக்கா” என்றார். பழைய பெட்டி இருந்திருந்தால் தாண்டியிருக்குமா என்று கேட்டேன். “அந்த வெள்ளத்துல எதையும் சொல்ல முடியாதுக்கா” என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா? முருகேசன் என்னைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுகிறான். பேச்சி விதி என்கிறாள். யார் சொல்வதும் எனக்கு வேண்டாம். வண்டி தெரிந்தவர் நீங்கள், நீங்கள் சொல்லுங்கள். தாண்டியிருக்குமா? தாண்டியிருக்காது என்று ஒரே ஒரு தடவை கனவிலாவது வந்து சொல்லுங்கள். தாண்டியிருக்கும் என்றால் வரவே வராதீர்கள். உங்கள் மேல் கோபம் வருகிறது. ஒரு ஸ்பேனர் வேலை, ஒரு காலை நேர வேலை, அதைத் தள்ளிப்போட்டீர்களே என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. கத்துவதற்கு எதிரில் ஆள் இல்லை.

நான் இன்னும் ஏலக்காய்க்குத்தான் போகிறேன். வேறு ஜீப், வேறு டிரைவர். ஓடை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் முன்னால் தண்ணீரில் நடக்கிறேன். “அக்கா அளக்கப் போயிருச்சு, இனி பொழுதுக்கும் இங்கனதான்” என்று புதுப்பெண்கள் முணுமுணுக்கிறார்கள். டிரைவர் பல்லைக் கடிக்கிறான். முழங்காலுக்கு மேல் ஏறினால் கையை உயர்த்துகிறேன். வண்டி அங்கேயே நின்றுவிடும். யார் திட்டினாலும் கையை இறக்குவதில்லை.

அன்றைக்கு என்னால் இறங்க முடியவில்லை. உங்கள் தலை என் மடியில் இருந்தது.