முப்பது நாள் என்று ஒரு வரி

ஜூன் 4, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. எண்பத்தாறு பக்கம். ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பதினொரு சொல். இதைப் படித்துப் பிழிந்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு நானூறு சொல்லில் கொடுக்க வேண்டும். ஆறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கோர்ட் வராந்தாவின் நாற்றம் பிடிக்காமல்தான் வக்கீல் தொழிலை விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நாற்றம் இப்போது ஈமெயிலில் வீட்டுக்கே வருகிறது.

விஷயம் சின்னது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுகிற உரிமையாளர், கட்டி முடித்ததும் பழைய வாடகைதாரருக்கு அதே அளவு இடம் தர வேண்டும். போன வருஷச் சட்டம். உரிமையாளர்கள் சங்கம் செல்லாது என்று வழக்குப் போட்டது. கோர்ட் செல்லும் என்றுவிட்டது. வாடகைதாரர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இடிக்கப்போகிறோம் என்ற நோட்டீஸ் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வாடகை அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உரிமை போச்சு. இது சட்டத்தில் எங்கே இருக்கிறது? கடைசிப் பிரிவின் கடைசி உட்பிரிவில். வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார்கள். கயவாளித்தனம்.

ஜூன் 7, வெள்ளி

கட்டுரை அனுப்பி அரை மணி நேரத்தில் ஆசிரியர் போன் செய்தார். "சார், மொதல் பாரா படிச்சதுமே ஜனங்க சந்தோஷப்படணும். இந்த ஆனா, கீனா எல்லாம் கீழ தள்ளுங்க."

தள்ளினேன். இரண்டாவது பத்தியில் இருந்த முப்பது நாளைக் கடைசிப் பத்திக்கு இறக்கினேன். மறுபேச்சு பேசவில்லை. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

கடைசிப் பத்தி இல்லை.

தலைப்பு "இனி உங்களை யாரும் அசைக்க முடியாது!" ஆச்சரியக்குறி அவர்கள் போட்டது. என் கடைசிப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை விளம்பரம். ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து நிம்மதியாகத் தூங்குகிறாள்.

பக்கம் கட்டுகிறவரைக் கூப்பிட்டேன். ஆபீஸில் அவருக்குப் பெயர் கத்தரி. "வெளம்பரம் லேட்டா வந்துச்சு சார், இடம் பத்தல. நான் எப்பவும் கீழேருந்துதானே எடுப்பேன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும். அங்கே யார் எதை எழுதினாலும் கீழே இருந்துதான் வெட்டு. படித்துப் பார்த்து வெட்ட நேரம் கிடையாது. தெரிந்திருந்தும் அந்த வரியைக் கொண்டுபோய் அவர் கத்தரிக்கு நேராக வைத்தது யார்?

ஜூன் 11, செவ்வாய்

ஆபீஸுக்கே போய்த் திருத்தம் போடச் சொன்னேன். ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். "திருத்தமா? அப்படிப் போட்டா இவங்களுக்கே ஒன்னும் தெரியலன்னு ஆயிடும் சார். அடுத்த மாசம் பாகம் ரெண்டுன்னு போட்டு அதுல சேத்துடலாம்."

சரி என்றேன். படி இறங்கும்போது அந்தச் 'சரி' வாயிலேயே கசந்தது.

வீட்டில் மனைவி, "சண்டை போட்டீங்களா?" என்றாள்.

"பேசினேன்."

"அப்ப போடல."

ஜூன் 16, ஞாயிறு

வாசகர் கடிதம் பதினேழு. எல்லாம் பாராட்டு. ஒருவர் கட்டுரையைப் படித்து அழுதாராம்.

ஜூன் 23, ஞாயிறு

தேய்த்த சட்டைகளை வாங்க இஸ்திரிக்கடை அக்காவிடம் போனேன். தெருமுனையில் இருக்கும் பழைய மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை. பின்னால் ஓர் அறை, அதில்தான் அவரும் மகளும் குடியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக அங்கேதான்.

சுவரில் என் கட்டுரை. பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து. மேலே என் சின்னப் படம்.

"மாட்டிட்டேன் பாருங்க தம்பி. எழுதினவரு நம்ம தெருதான்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

சிரித்தேன். சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா, இதில் ஒரு வரி விட்டுப்போச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். ஏன் சொல்லவில்லை? அவசரமா? இல்லை. மறதியா? அதுவும் இல்லை. படம் நன்றாக விழுந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். சீ.

ஜூலை 17, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அக்கா வாசலில் நின்றார். இதுவரை வீட்டுக்கு வந்ததே இல்லை. கையில் ஒரு கவர். கட்டடத்தை இடிக்கப்போகும் நோட்டீஸ். வாங்கிக்கொண்டதற்கு அவரே போட்ட கையெழுத்து, பக்கத்தில் தேதி: ஜூன் 13.

ஜூன் 13. நான் சட்டை வாங்கப் போன அன்றைக்கே இது அவர் மேஜை இழுப்பறையில் இருந்திருக்கிறது. அதனால்தானே கட்டுரையைச் சுவரில் மாட்டினார்!

"அன்னிக்கே ஏங்கா சொல்லல?"

"என்னத்த சொல்றது? நீங்கதான் எழுதிட்டீங்களே தம்பி, யாரும் அசைக்க முடியாதுன்னு. கட்டட ஓனர் வந்தப்பகூட அதைத்தான் காட்டினேன். முழுசா படிச்சாரு. சிரிச்சாரு. சரிம்மா, நீங்க இருங்கன்னு போயிட்டாரு. நேத்து வந்து, எப்ப காலி பண்றீங்கங்கறாரு."

அவர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வக்கீல் கடைசி உட்பிரிவு வரை படிக்கிறவர். வாயை மூடிக்கொண்டு முப்பது நாளை எண்ணியிருக்கிறார்கள், பாவிகள். நாலு நாளுக்கு முன்னால் கெடு முடிந்துவிட்டது.

விட்டுப்போன வரியைச் சொன்னேன். ஒரு மாசத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அக்கா, "அப்ப அந்தப் பேப்பர்ல..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஒரு வழி இருக்கிறது. போதிய காரணம் காட்டினால், கெடு முடிந்து பதினைந்து நாள் வரையிலான தாமதத்தை வாடகை அலுவலர் மன்னிக்கலாம். அக்காவுக்கு மனு எழுதினேன். கூடவே என் பிரமாண வாக்குமூலம், நான் அனுப்பிய மூலக் கட்டுரை, அச்சான கட்டுரை.

மனைவி பக்கத்தில் நின்று படித்தாள். "எல்லாத்தையும் எழுதினீங்களா? சுவத்துல பாத்தும் சொல்லாம வந்ததை?"

அதையும் எழுதினேன். படம் நன்றாக விழுந்ததை மட்டும் எழுதவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மனு தாக்கல் செய்தாயிற்று.

ஆகஸ்ட் 1, வியாழன்

தள்ளுபடி.

வாடகை அலுவலர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல், திட்டக்கூட ஆள் இல்லை. மூலக் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வக்கீலா இருந்தவர்தானே?" என்றார். பிறகு உத்தரவு சொன்னார். சட்டம் தெரியாது என்பது போதிய காரணம் ஆகாது. நாளிதழில் படித்துத் தவறாகத் தெரிந்துகொண்டேன் என்பதும் ஆகாது. நாளிதழ்க் கட்டுரை சட்டம் அல்ல.

மூன்றே வாக்கியம். எளிய நடை. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "என்ன தம்பி சொன்னாரு?"

ஊருக்கெல்லாம் தீர்ப்பை விளக்குகிறவன் நான். "இல்லைன்னுட்டாருக்கா" என்றேன்.

மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆசிரியர் போன். குரலில் அவ்வளவு உற்சாகம். "சார், வாடகை ஆபீஸ்ல ஒரு உத்தரவு வந்திருக்காம், பேப்பர் படிச்சிட்டு ஏமாந்துட்டேன்னு யாரோ ஒரு பொம்பள போயிருக்கா. சூப்பர் மேட்டர்! கண்டதைப் படிச்சு நம்பாதீங்கன்னு எழுதுங்க. கொஞ்சம் நகைச்சுவையா."

"எந்தப் பேப்பர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எதுவா இருந்தா என்ன சார்? உத்தரவுல ஒரு நாளிதழ்னுதான் இருக்காம்."

போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். இன்னொரு தடவை கழுவினேன்.

எழுதுகிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, சனி

நானூறு சொல். முதல் வரியே முப்பது நாள்தான். இரண்டாவது பத்தியில், ஜூன் 9 அன்று இதே இடத்தில் அந்த வரி இல்லாமல் போனது, தெரிந்தும் நாங்கள் திருத்தம் போடாதது. மூன்றாவதில், அதை நம்பியதால் ஒரு பெண்ணுக்குக் கடையும் வீடும் சேர்ந்து போனது. சட்டத்தின் வரலாறு, நீதிபதியின் மேற்கோள், ஆசிரியர் கேட்ட நகைச்சுவை எல்லாவற்றையும் கீழே கொட்டினேன். வெட்டுகிறவர் அதை வெட்டட்டும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆசிரியர் ஆபீஸில் இருக்க மாட்டார். நேராகக் கத்தரிக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்திருக்கிறது. காலை ஏழு மணிக்கே கத்தரி கூப்பிட்டார். "சார், நேத்தும் வெளம்பரம் வந்துச்சு. கீழ மூணு பாரா எடுத்துட்டேன். மேல கை வெக்கல." போனை வைப்பதற்கு முன்னால் சொன்னார், "இந்தத் தடவை படிச்சேன் சார்."

ஆகஸ்ட் 12, திங்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் எனக்கு இனி இடம் இல்லை. ஆசிரியர் போனில் சொன்ன மற்றதை இங்கே எழுதப் போவதில்லை. இந்த நோட்டாவது சுத்தமாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

உத்தரவின் நகல் வாங்க வாடகை ஆபீஸுக்குப் போனேன். மேல்முறையீட்டுக்கு இடம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்கத்தான். இல்லை. கவுன்டரில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க பேப்பரக் கிழிச்சு எடுத்துக்கிட்டு பதினோரு பேர் வந்தாங்க சார். எல்லாருக்கும் இன்னும் நாள் இருந்துச்சு."

பதினோரு பேர். சந்தோஷப்படலாமா? ஒரு நிமிஷம் பட்டேன். உடனே, இதை அக்காவிடம் போய்ச் சொன்னால் என்ன என்று தோன்றியது. எதற்கு? என்னை அவர் மன்னிப்பதற்கு. தூ.

செப்டம்பர் 2, திங்கள்

அக்கா இன்று காலி செய்தார். ஒரு வேன் போதுமானதாக இருந்தது. மேஜையின் ஒரு முனையை நான் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைச் சுவரிலிருந்து அவர் எடுக்கவில்லை. நாலு ஆணியோடு அங்கேயே இருக்கிறது. இடிக்கும்போது சேர்ந்து போகும்.

எங்கள் துணி இரண்டு உருப்படி தேய்க்காமல் கிடந்தது. அப்படியே என் கையில் கொடுத்தார்.

"புதுக் கடை எங்கக்கா?"

"தூரம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க வேற எங்கயாவது குடுத்துக்கங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

சாயங்காலம் பரணிலிருந்து பழைய இஸ்திரிப் பெட்டியை இறக்கினேன். மனைவி செய்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஒரு சட்டைக்கு நாற்பது நிமிஷம் ஆனது. காலர் சுருங்கிவிட்டது. நாளைக்கு அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.